‘வாங்க’ என்று சொல்ல வராத வாய்

அன்புள்ள அப்பு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அந்த வரி கைக்கு வரவில்லை. உன் அப்பா சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், தூங்குகிறார். நானும் சமைக்கிறேன், செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பையைத் தூக்கிக்கொண்டு சென்னை பஸ்ஸுக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் சௌக்கியமாக இல்லை. போனில் பேசினால் ‘ம்’, ‘சரி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். அதுவும் நியாயம்தான். நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே. “ஜெசிந்தா நாளைக்கு நம்ம வீட்டுக்கு எந்த வழியாம்மா வருவா?” என்று கேட்டாய். குரலை உயர்த்தக்கூட இல்லை. நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது ஒப்பேற்றியிருப்பேன். உன் அம்மாவுக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும்.

அன்றைக்கு நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ கூடத்திலிருந்து பார்த்தாய், நான் வாசலில் நின்று செய்தேன். அதனால் என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பது என்று ஆன பிறகு, உன் அப்பாவை அதற்குச் சம்மதிக்க வைத்த பெருமை எல்லாம் என் தலையில்தான் ஏறியிருந்தது. சாதி விட்டு, மதம் விட்டு ஒரே மகனுக்குப் பெண் எடுக்கச் சரி சொன்ன தாய் நான். கேசரி கிளறினேன், வாழைக்காய் பஜ்ஜி போட்டேன், சின்னாளபட்டிச் சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டேன். பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். அந்தோணி நின்றார், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பக்கத்தில் அவர் மனைவி மேரி, கையில் பழத்தட்டு. பின்னால் ஜெசிந்தா. என் வாய் என்ன சொல்லியது? “வா அந்தோணி. அப்படியே பின்பக்கமா வந்துரு.”

யோசித்துச் சொல்லவில்லை என்று நீ நம்ப வேண்டும். யோசிக்காமல் வந்தது என்பதுதான் அதைவிடக் கேவலம் என்பதும் எனக்குத் தெரியும். லைன்மேனாக இருந்த காலம் முழுக்க அவர் நம் வீட்டுக்கு அந்தச் சந்து வழியாகத்தான் வந்தார். மீட்டர் பின்பக்கச் சுவரில் இருக்கிறது என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் அடுப்படி வரைக்கும் முன்வாசல் வழியாகத்தானே வந்து போகிறார்?

என் வாய் சொன்னதைக்கூட விட்டுவிடு. அடுத்து நடந்ததை நினைத்தால்தான் எனக்கு உடம்பு குறுகிப் போகிறது. மகளைக் கட்டிக்கொடுக்க வந்த மனிதர், ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவர், நான் சொன்னதும் சந்துப் பக்கம் திரும்பினார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில்கூட எடுத்துவிட்டார். என் வாய் பழகியிருந்த மாதிரி அவர் காலும் பழகியிருந்தது. ஜெசிந்தாதான் கையைப் பிடித்து, “அப்பா, வழி இது” என்றாள். அவர் நின்றார். சிரித்தார். “பழக்கதோசம்மா எனக்கு. எங்க போறோம்னே மறந்துபோச்சு” என்றார். என் தப்பைத் தன் மறதியாக்கி என்னைக் காப்பாற்றினார். நானும் வெட்கமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு, “ஆமா, வயசாகுதுல்ல” என்று சேர்ந்து சிரித்தேன். மேரி மட்டும் சிரிக்கவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் காட்டில் கடலை எடுக்க வருகிறவர்களில் பல் போன ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. வரப்பில் நின்றுகொண்டு, “ஏலே, வெரசா பிடுங்கு” என்று அவரைச் சொன்னேனாம். எங்கள் அய்யாவுக்கு அவ்வளவு சந்தோஷம். “பாருய்யா, இம்புட்டு இருந்துக்கிட்டு என்னா அதிகாரம்!” என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்தப் பெரியவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் என்னை அதைச் சொல்லிக் காட்டச் சொல்வார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக் காட்டிய மாதிரி நான் ‘ஏலே’ என்று சொல்லிக் காட்டினேன். அதற்குக் கைநிறையப் பொரிகடலை கிடைத்தது. பிறந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யாமலே எனக்குக் கிடைத்த முதல் சொத்து அதுதான்.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்த பிறகு, அந்தச் சொத்து மேல் எனக்குப் பிடிப்பு இன்னும் கூடிவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பாய். இந்த வீட்டில் உன் அப்பாவை ‘நீங்க’ என்றேன். மாமனார், மாமியாரைச் சொல்லவே வேண்டாம். டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த உன் சித்தப்பாவைக்கூட ‘வாங்க, சாப்பிடுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னேன். உன் அப்பா என்னைக் கூப்பிட்டது ‘இந்தா’, ‘ஏய்’. ஆக, நானும் ஒரு ஆள் என்று எனக்கே காட்டிக்கொள்ள, நான் ‘நீ’ என்று சொல்வதற்கு மிச்சம் இருந்தவர்கள் யார்? பாத்திரம் தேய்க்க வருகிறவள், நம் உரக்கடையில் மூட்டை இறக்குகிறவர்கள், அப்புறம் அந்தோணி. என்னை யாரோ மிதித்த கோபத்தை நான் அவர்கள் பக்கம் இறக்கிக்கொண்டேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை அப்பு. அடி வாங்கினவளுக்கு வலி தெரிந்திருக்க வேண்டாமா என்றுதான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, டிவியில் கிரிக்கெட் ஓடுகிற நேரம் பார்த்து ஃபியூஸ் போய்விடும். சொல்லி அனுப்பினால் சைக்கிளில் வந்து நிற்பார். நீ பின்வாசல் படியில் நின்று, “அந்தோணி, சீக்கிரம் போடு” என்பாய். “இந்தா ஆச்சுங்க தம்பி” என்பார் அவர். உன்னை ‘ங்க’ போட்டு அவர் கூப்பிட்டதும் நீ போடு என்று சொன்னதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் அய்யா என்னை வைத்துச் சொன்ன கதையை நான் உன்னை வைத்துச் சொன்னேன். உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போது ஒருநாள் அவர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். நீ முன்கதவைத் திறந்து, “உள்ள வாங்க, துண்டு தாரேன்” என்றாய். உன்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினேன். “யாரைப் போயி வாங்கங்கிற?” என்றேன். “அவருக்கு அப்பா வயசும்மா” என்றாய். நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். “வயசு வேற, இது வேற.” ‘இது’ என்று சொன்னேனே, அது என்ன என்று நீ கேட்டிருந்தால் என்னால் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது. சாதி என்ற வார்த்தையை நம் வீட்டில் சத்தமாகச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சொல்லாமலேயே எல்லாம் நடந்ததால் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. நீ கிள்ளு வாங்கிக்கொண்டும் துண்டை எடுத்துப்போய்க் கொடுத்தாய். அவர் வாங்காமல் சந்துக்குள் போய்விட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. இது உனக்குத் தெரியாது, நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் மாடி போர்ஷன் காலியாக இருந்தபோது அந்தோணி வாடகைக்குக் கேட்டார். அவர் இருந்த வீட்டில் மழைத்தண்ணீர் ஏறிவிட்டது, பிள்ளைக்குச் சளி விடவே இல்லை என்றார். ஜெசிந்தா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குட்டிப் பிள்ளை. உன் அப்பா கடையில் இருந்தார். நானே பதில் சொல்லிவிட்டேன். “சொந்தக்காரங்க வாராங்க அந்தோணி, ஏற்கனவே பேசியாச்சு” என்றேன். பிள்ளை கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தேன். சொந்தக்காரர் யாரும் வரவில்லை. அந்த மாடியில் வத்தல்தான் காய்ந்தது. நம் தெருவில் கரண்ட் போனால் கம்பத்தில் ஏறிச் சரிபண்ணுகிற மனிதருக்கு அதே தெருவில் குடியிருக்க ஒரு இடம் கிடைக்கவில்லை. என்னிடம் மட்டும்தான் கேட்டார் என்றா நினைக்கிறாய்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது ஜெசிந்தா மாடிப்படியைப் பார்த்துவிட்டு, “மேல யாரு இருக்காங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள். “யாரும் இல்லம்மா” என்றேன். “எப்பவுமேவா?” என்றாள். சும்மா கேட்டாளா, ஞாபகம் வைத்துக் கேட்டாளா என்று இன்றுவரை தெரியவில்லை. அவளிடம் கேட்டுச் சொல் என்று உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ போன பிறகு உன் அப்பாவிடம் சொல்லி அழுதேன். “அவன் பொண்ணைக் கட்டச் சரின்னுட்டேன்ல. அதுக்காகப் பரம்பரையா வந்த உரிமையை எல்லாம் விட்டுக் குடுத்துரணுமா?” என்றார். “எந்த உரிமைங்க? வயசுக்கு மூத்தவரை வா போங்கிறதா?” என்று கேட்டேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதுகூட நான் ‘ங்க’ போட்டுத்தான் கேட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. உரிமை என்றால் எல்லாருக்கும் பிறப்பிலேயே வருவது என்று நீ பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் படிப்பாய், நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பிறப்பில் வந்தது அது இல்லை அப்பு. இன்னொருத்தருக்கு அதே பிறப்பில் வந்திருக்க வேண்டியதை யாரோ பிடுங்கி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் பொரிகடலை மாதிரி தின்றுகொண்டே வளர்ந்திருக்கிறேன்.

நீ நினைக்கலாம், ‘நீ’ என்ற சொல்லில் என்ன இருக்கிறது, உன்னைக்கூட நான் ‘நீ’ என்றுதானே எழுதுகிறேன் என்று. பழனி முருகனையும் ‘நீ’ என்றுதான் திட்டுகிறேன். உன்னை நான் ‘நீ’ என்றால் நீயும் திரும்ப என்னை, “போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது” எனலாம். முருகன்கூட என்னை அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும். அந்தோணி ஒருநாளும் என்னைத் திரும்ப ‘நீ’ என்று சொல்ல முடியாது என்று தெரிந்துதானே நான் சொன்னேன்? அதனால்தான் இதையும் சொல்கிறேன். ஜெசிந்தா அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்னிடம், “நீ செத்த நேரம் சும்மா இரு” என்றாள். எனக்குச் சுருக்கென்றது, முகத்திலும் காட்டிவிட்டேன். நாளைக்கு உறவுக்காரர்கள் முன்னால் அவளை ‘நீங்க’ போடச் சொல்லி என் பேரால் நீ கெஞ்சக் கூடாது. அவள் உன்னை எப்போதும் போலவே கூப்பிடட்டும். சென்னையில் வீடு பார்க்கப் போகும்போது, ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று யாராவது கேட்டால், உன் பக்கத்தை மட்டும் சொல்லிச் சாவியை வாங்கிவிடாதே. அந்த வீடு வேண்டாம் என்று படி இறங்கிவிடு. என்னை மாதிரி ஒருத்தி மேலே வத்தல் காயப்போட்டுக்கொள்ளட்டும்.

போன புதன்கிழமை நான் மாரியநாதபுரத்துக்கு, அந்தோணி வீட்டுக்குப் போனேன். உன் அப்பாவிடம் மார்க்கெட் போகிறேன் என்று சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, “மன்னிச்சுருங்க, வீட்டுக்கு வாங்க” என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு முன்னால் போய் நின்றதும், “வாங்கம்மா, வாங்க வாங்க” என்று அவர்தான் முந்திக்கொண்டார். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார். எனக்கு யாரும் பின்பக்கம் காட்டவில்லை.

வாயைத் திறந்தேன். நீ சிரிக்காதே, எனக்கு வரவில்லை. ‘வா’ என்று சொல்லக் கூடாது என்று தெரிகிறது, ‘வாங்க’ தொண்டையில் நிற்கிறது. “அன்னைக்கு நடந்ததை மனசுல வச்சுக்கக் கூடாது” என்றேன். “மறுபடி வீட்டுக்கு வரணும்” என்றேன். “நல்லபடியா நடத்திக் குடுக்கணும்” என்றேன். வச்சுக்கக் கூடாது, வரணும், குடுக்கணும். யார் என்று சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லி ஒப்பேற்றிவிட நம் பேச்சில் எவ்வளவு வசதி இருக்கிறது பார். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா” என்றார். மேரி காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பார்த்தார். “எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட உங்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்கலையாக்கும்?” என்றார்.

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தப்பித்துவிடலாம் என்று தெரிந்ததால் அழவில்லை. காபியைக் குடித்தேன். மேரி சொன்னார், கல்யாணம் பொதுவான ஒரு மண்டபத்தில்தானாம், அதற்கு எல்லாரும் வருவார்களாம், ஆனால் நம் வீட்டு வாசலுக்குத் தன் வீட்டுக்காரர் வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாமாம். “அன்னைக்குத் திரும்பி எங்க வீட்டுக்கு வந்தும் அவரு செருப்பு கையிலயே இருந்துச்சு. நான்தான் வாங்கிக் கீழே வச்சேன்” என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்படி இறங்கித் திரும்பி நின்று, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், “வாரேண்ணே” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். மேரிதான், “சரி. பாத்துப் போ” என்றார்.

போ. என்னை. அப்பு, உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அவ்வளவு நாள் நான் கொடுத்ததில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்ததற்கே எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஏறியும் அந்தச் சூடு இறங்கவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் புத்திக்கு எட்டியது. அண்ணே என்று நான் சொல்லிவிட்டால் மேரி எனக்கு மதினி. நாத்தனாரை மதினி வேறு எப்படிச் சொல்லி அனுப்புவார்? அந்த வீட்டில் எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்தப் ‘போ’தான். அதைத்தான் அவமானம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறேன். என்னை நினைத்து அவ்வளவு வெட்கமாக இருந்தது, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, தலை சுற்றுதா என்று கேட்டார்.

இன்னொன்றும் அப்போதுதான் தோன்றியது. தாயோடு பிறந்த அண்ணன் மகளை நம் பக்கம் எப்படிச் சொல்வார்கள்? உரிமைப் பெண் என்பார்கள். அந்தோணி எனக்கு அண்ணன் என்றால் ஜெசிந்தா உனக்கு உரிமைப் பெண். உன் அப்பா விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொன்ன உரிமையில் ஒன்றே ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதுவும் அவர்கள் தந்தால்தான். நானாக எடுத்துக்கொள்கிற காலம் முடிந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஜெசிந்தா முன்வாசல் வழியாகத்தான் வருவாள். ஆனால் அவளுக்கு முன்னால் அவள் அப்பா அந்த வாசலில் ஏற வேண்டும். அதுவரைக்கும் நீ அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். வா என்று கூப்பிட எனக்கு முகமும் இல்லை. மண்டபத்துக்கு நான் வருகிறேன். அவர்கள் உட்காரச் சொல்கிற இடத்தில் உட்காருகிறேன்.

பழக்கத்தில் வந்ததைப் பழக்கத்தில்தான் போக்க வேண்டும் என்று, காலையில் கோலம் போட்டுவிட்டு வாசலில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பால்காரர் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போகிறார். நேற்று கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. “வாங்கண்ணே, உள்ள வாங்க.” உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்திலிருந்து கேட்டார், “யாரு வந்திருக்கா?”

“யாரும் வரலைங்க” என்றேன். “வரணும்.”

உன் அம்மா